ஒன்பது நாள், ஏழு நாடு, ஒரு கார்: நண்பருக்கு ஒரு மறுப்பு

காலை நடையில் என்னோடு வரும் நண்பர் போன வாரம் நான்காக மடித்த ஒரு தாளை என் சட்டைப் பையில் செருகினார். "பையன் பிளான் போட்டுக் கொடுத்திருக்கான். நீங்கதான் ரெண்டு தடவை அந்தப் பக்கம் போனவராச்சே, பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார். அவரும் அவர் மனைவியும் மகனும் மருமகளும் வரும் ஜூலையில் பால்கன் நாடுகளுக்குப் போகிறார்களாம். நான்கு நாளாகப் "பார்க்கிறேன், பார்க்கிறேன்" என்று நழுவிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையில் சொல்லக்கூடியது இல்லை. நடந்துகொண்டே வாதாடினால் எனக்கு மூச்சு வாங்கும். அதனால் அவர் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். இதைப் படிப்பவர்களில் இன்னும் சிலர் வீட்டிலும் இப்படி ஒரு தாள் இருக்கும் என்பது என் சந்தேகம்.

தாளில் உள்ளது இது. ஸாக்ரெப்பில் இறங்கி வாடகைக் கார். அங்கிருந்து ஸ்ப்ளிட். மறுநாள் போஸ்னியாவின் மோஸ்தாரில் மதியச் சாப்பாடு, இரவு டுப்ரோவ்னிக். பிறகு மாண்டினீக்ரோவின் கோட்டோர், அல்பேனியாவின் திரானா, வட மாசிடோனியாவின் ஸ்கோப்யே, கொசோவோவின் பிரிஸ்டினா, செர்பியாவின் பெல்கிரேடு, மறுபடி ஸாக்ரெப். ஒன்பது நாள், ஏழு நாடு. ஒவ்வொரு ஊருக்கும் எதிரே மணிக்கணக்கு, கிலோமீட்டர் கணக்கு, கூடவே பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கொடி.

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். இது கூரியர்காரன் போகிற ரூட்டு.

தூரத்தைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அது பெரிய விஷயமில்லை, நல்ல சாலையில் ஓட்டிவிடலாம். நாட்டு எல்லைகளை எண்ணினேன்: எட்டு. ஒவ்வொரு எல்லையிலும் இந்த நாட்டை விட்டுப் போக ஒரு ஜன்னல், அந்த நாட்டில் நுழைய இன்னொரு ஜன்னல். ஆகப் பதினாறு ஜன்னல். மகன் போட்ட தாளில் இந்தப் பதினாறுக்கும் சேர்த்து ஒதுக்கிய நேரம் பூஜ்யம். வரைபடம் காட்டுகிற மணிக்கணக்கில் சாலை மட்டும்தான் இருக்கிறது, வரிசை இல்லை.

நான் ரயில்வேயில் காலம் தள்ளியவன். கால அட்டவணை போடும்போது வண்டி ஓடத் தேவையான நேரத்தோடு, தாமதத்தை ஈடுகட்ட என்று சில நிமிடங்கள் சேர்த்தே போடுவோம். அது இல்லாத அட்டவணை காகிதத்தில் அழகாக இருக்கும். முதல் நாளே குலைந்துபோகும். நண்பரின் மகன் கொடுத்திருப்பது அந்த மாதிரி அட்டவணை.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றால், இதே தப்பை நானும் செய்தவன். 2018 ஆகஸ்டில் நாங்கள் போனோம். ஜெர்மனியில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் பெல்கிரேடுக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள். அப்போது செர்பியாவுக்கு நமக்கு விசா தேவையில்லை. (2023 ஜனவரியிலிருந்து மறுபடி வேண்டும். பழைய பயணக் குறிப்புகளை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.) எட்டு நாள், ஆறு நாடு, ஒரு கார். திட்டம் போட்டவன் நான்தான். மாப்பிள்ளை பாவம், மாமனார் சொல்லைத் தட்ட முடியாமல் ஓட்டினார்.

என் மனைவி அந்தப் பயணத்தில் கேட்டது ஒன்றே ஒன்று. அவள் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்து, அப்படி ஒரு பள்ளியிலேயே ஆசிரியையாக இருந்தவள். அன்னை தெரசா 1910இல் பிறந்தது ஸ்கோப்யேயில். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த திரு இருதய ஆலயம் 1963 ஜூலை நிலநடுக்கத்தில் அழிந்துபோயிற்று. அது இருந்த இடத்தில் 2009இல் ஒரு நினைவில்லம் கட்டியிருக்கிறார்கள். அதற்குள் அரைமணி நேரம் உட்கார வேண்டும் என்றாள்.

பெல்கிரேடிலிருந்து ஸ்கோப்யேவுக்கு நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், பெரும்பாலும் நெடுஞ்சாலை. மதியம் மூன்று மணிக்குச் சேர்ந்துவிடலாம் என்று எழுதியிருந்தேன். ஆகஸ்டில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியாவில் வேலை பார்க்கும் அந்த ஊர்க்காரர்கள் குடும்பம் குட்டியோடு, காரின் தலையில் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊர் திரும்புவார்கள் என்பது எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு முதல் நாள் சென்னையைத் தாண்டுவது போலத்தான். எல்லையில் கார் அசையவில்லை. நாங்கள் நினைவில்லத்தின் வாசலில் போய் நின்றபோது பொழுது சாய்ந்து, கதவு பூட்டியிருந்தது.

மறுநாள் காலை திறக்கும்வரை இருந்திருக்கலாம். ஆனால் என் தாளில் "பதினொரு மணி: ஓஹ்ரிட் ஏரி" என்று இருந்தது. அன்று இரவு ஓஹ்ரிட், அடுத்த இரவு திரானா என்று எல்லா ஊரிலும் பணம் கட்டியாயிற்று. ஒன்றைத் தள்ளினால் வரிசையாக எல்லாம் சரியும். ஏழு மணிக்கே கிளம்பினோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் இன்னும் உறுத்துகிறது.

மிச்சப் பயணத்தில் என் நினைவில் இருப்பது லாரிகளின் பின்புறம். கோட்டோரிலிருந்து டுப்ரோவ்னிக்குக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் சுமார். வரைபடம் இரண்டு மணி என்றது, எங்களுக்கு ஐந்தேகால் மணி ஆனது. டுப்ரோவ்னிக் பழைய நகரம் கோட்டை மதிலுக்குள் இருக்கிறது, கார் உள்ளே போகாது. வெளியே நிறுத்த இடம் தேடி, ஓர் இரவு நிறுத்தக் கொடுத்த காசில் நாங்கள் நான்கு பேர் நன்றாகச் சாப்பிட்டிருக்கலாம். அதற்கப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு வேறு. மாப்பிள்ளையிடம் பின்னால் கேட்டேன், "கோட்டோர் வளைகுடா எப்படி இருந்தது?" "வளைவுகள் நிறைய, மாமா" என்றார். உலகம் முழுவதும் போய்ப் பார்க்கும் அந்த வளைகுடாவில் அவர் கண்டது அவ்வளவுதான்.

இப்போது நண்பரின் தாளுக்கு வருகிறேன். அதில் நேரத்தை விட ஆபத்தான விஷயம் இரண்டு இருக்கிறது.

முதலாவது விசா. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் நாடு. போஸ்னியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா, வட மாசிடோனியா, கொசோவோ, செர்பியா எதுவும் ஷெங்கனில் இல்லை. தாளின்படி ஸாக்ரெப்பில் ஒரு முறை நுழைகிறார்கள். மோஸ்தாரில் சாப்பிட்டுவிட்டு டுப்ரோவ்னிக்குக்கு வரும்போது இரண்டாம் முறை. பெல்கிரேடிலிருந்து ஸாக்ரெப் திரும்பும்போது மூன்றாம் முறை. இரு முறை நுழையும் விசா கொடுத்திருந்தால்கூடக் கடைசி எல்லையில் நிற்க வேண்டியதுதான். விமானம் ஸாக்ரெப்பில் காத்திருக்கும். பல முறை நுழையும் ஷெங்கன் விசா இருந்தால்தான் இந்தப் பக்கமே யோசிக்க வேண்டும். அது இருந்தால் ஷெங்கனுக்கு வெளியே உள்ள பல நாடுகள் இந்தியர்களிடம் தனி விசா கேட்பதில்லை. நாட்டுக்கு நாடு நிபந்தனை வேறு, அடிக்கடி மாறுகிறது. கிளம்புமுன் ஒவ்வொரு நாட்டின் வெளியுறவுத் துறை இணையதளத்திலும் பார்த்துவிடுங்கள், ஏஜெண்டிடம் கேட்டது போதாது. 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லைகளில் முகத்தைப் படம்பிடித்துக் கணினியில் பதியும் புது முறை வேறு வந்திருக்கிறது. ஜன்னலில் நிற்கும் நேரம் இதனால் குறையப் போவதில்லை.

இரண்டாவது கொசோவோ. 2008இல் அது தனி நாடென்று அறிவித்ததைச் செர்பியா ஏற்கவில்லை (இந்தியாவும்தான்). வேறொரு நாட்டு வழியாகக் கொசோவோவில் நுழைந்துவிட்டு அங்கிருந்து நேரே செர்பியாவுக்குப் போனால், சட்டவிரோதமாகத் தங்கள் மண்ணில் நுழைந்ததாகச் செர்பிய அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள், திருப்பியும் அனுப்புவார்கள். தாளில் ஸ்கோப்யே, பிரிஸ்டினா, பெல்கிரேடு என்று நேர்க்கோடு போட்டிருக்கிறது. எந்தக் கோட்டைப் போடக் கூடாதோ அதையே போட்டிருக்கிறார் பிள்ளை. கொடியை எண்ணினால் இப்படித்தான் ஆகும். ஒரு நாட்டை அதன் சங்கடத்தோடு தெரிந்துகொள்ளப் பொழுதில்லாமல், எண்ணிக்கைக்கு ஒன்றாகச் சேர்த்துவிடுகிறோம்.

அடுத்தது கார். சின்னப் பயணத்துக்குக் கார்தான் சௌகரியம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெட்ரோல் பங்கில். வாடகைக் கார் உங்களுக்குச் சுதந்திரம் தருவதில்லை சார், முளையில் கட்டிய மாடு மாதிரி ஆக்குகிறது. எடுத்த இடத்திலேயே விட வேண்டும். வேறு நாட்டில் விடலாம், அதற்கு ஒரு தனிக் கட்டணம் உண்டு. கேட்டால் பயணத்தையே கைவிடத் தோன்றும். அதனால்தான் எல்லோருடைய திட்டமும் வட்டமாக இருக்கிறது. பெல்கிரேடிலிருந்து ஸாக்ரெப்புக்கு ஒரு பகல் முழுவதும் ஓட்டி வருவது எதைப் பார்க்க? காரைத் திருப்பிக் கொடுக்க. ஒன்பது நாளில் ஒரு நாள் காருக்குக் காணிக்கை.

அது போக, எல்லை தாண்ட வாடகை நிறுவனத்தின் எழுத்து அனுமதி, பச்சை அட்டைக் காப்பீடு எல்லாம் வேண்டும். சில நிறுவனங்கள் அல்பேனியாவுக்கும் கொசோவோவுக்கும் வண்டியை விடுவதே இல்லை. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். எழுபது, எழுபத்தைந்து தாண்டியவர்களுக்குக் கார் தராத நிறுவனங்களும் உண்டு, ஆகவே "நானும் கொஞ்சம் ஓட்டுவேன்" என்ற உங்கள் ஆசையை மூட்டை கட்டிவிடலாம். மகன் ஒருவரே ஓட்ட வேண்டும். நம் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், மலைச் சாலையில், ஒன்பது நாளும்.

2023 ஜூன் முதல் வாரத்தில் நாங்கள் இருவர் மட்டும் மறுபடி போனோம். இந்த முறை தாளை நான் போடவில்லை, மனைவி போட்டாள். அவள் தாளில் மூன்றே வரி: மோஸ்தார், சரயேவோ, பெல்கிரேடு. டுப்ரோவ்னிக்கில் இறங்கி ஓர் இரவு தூக்கம், பெல்கிரேடில் விமானம் ஏற்றம். மொத்தம் ஒன்பது இரவு. வட்டமில்லை, ஒரு நேர்க்கோடு. பேருந்து, ரயில், பேருந்து.

அந்தப் பேருந்துகளைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். பெரும்பாலானவற்றில் கழிப்பறை இல்லை, இருந்தாலும் பூட்டியிருக்கும். டிக்கெட்டில் இருக்கை எண் போட்டிருக்கும், அதை ஒருவரும் மதிப்பதில்லை. பெட்டியை அடியில் வைக்க ஒன்றிரண்டு யூரோ தனியாகக் கேட்பார்கள், சில்லறையாகவே வேண்டும். சில நிலையங்களில் நடைமேடைக்குப் போகவே சீட்டு உண்டு. எனக்கு அது நம் பிளாட்பார டிக்கெட்டை ஞாபகப்படுத்தியதால் சந்தோஷமாகவே வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்பக் கூடாது. ஊர் போய் இறங்கிய உடனே அடுத்த ஊர் வண்டியை நிலையத்தில் நேரில் கேட்டு டிக்கெட் வாங்கிவிட வேண்டும்.

டுப்ரோவ்னிக்கிலிருந்து மோஸ்தார் போகும் வழியில் ஒரு வேடிக்கை. போஸ்னியாவுக்குக் கடற்கரை என்று இருப்பது நியூம் என்ற ஊரை ஒட்டி இருபது கிலோமீட்டர்தான். அது குரோஷியாவை இரண்டு துண்டாக வெட்டுகிறது. எங்கள் பேருந்து அந்த வழியாகப் போனதால் குரோஷியா, போஸ்னியா, மறுபடி குரோஷியா, மறுபடி போஸ்னியா! (அதைச் சுற்றிப்போக 2022இல் குரோஷியா பெல்யேஷாட்ஸ் என்ற கடற்பாலம் கட்டிவிட்டது. ஆனால் எந்தப் பேருந்து எந்த வழி என்பது ஓட்டுநருக்கே வெளிச்சம்.) அதனால்தான் விசாவைப் பற்றி அத்தனை அடித்துச் சொன்னேன்.

ஓர் எல்லையில் நடத்துநர் எல்லார் கடவுச்சீட்டையும் கட்டாக வாங்கிப் போனார். திரும்பி வந்து பெயர் பெயராகக் கொடுத்தார், எங்கள் இரண்டைத் தவிர. கால்மணி, அரைமணி ஆயிற்று. ஐம்பது பேர் எங்களால் காத்திருக்கிறார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பக்கத்து இருக்கைக் கிழவி ஒருத்தி காகிதப் பையிலிருந்து ஒரு கைப்பிடி செர்ரிப் பழத்தை எடுத்து என் மனைவியின் மடியில் போட்டாள். பேசப் பொதுமொழி இல்லை. மோஸ்தார் வரும்வரை இருவரும் கொட்டையை ஒரே பையில் துப்பிக்கொண்டு வந்தார்கள். 2018இல் ஆறு நாட்டில் நாங்கள் பேசியது ஓட்டல்காரரோடும் போலீஸ்காரரோடும் மட்டும்.

மோஸ்தாரில் மூன்று இரவு. 1566இல் ஆட்டோமன் காலத்தில் கட்டிய அந்த ஒற்றை வளைவுப் பாலம் 1993 நவம்பர் 9 அன்று பீரங்கியால் வீழ்ந்தது. 2004இல் அதே மாதிரி திரும்பக் கட்டினார்கள். மோஸ்தாரில் மதியச் சாப்பாடு என்று எழுதியிருக்கிறீர்களே, மதியத்தில் அந்தப் பாலத்தின் மேல் டுப்ரோவ்னிக்கிலிருந்து ஒரு நாள் சுற்றுலா வந்த கூட்டத்தின் முதுகுதான் தெரியும். பாலம் தெரிவது காலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் கடைக்காரர்கள் படி கழுவிக்கொண்டிருப்பார்கள். அதற்கு அந்த ஊரில் தூங்கி எழுந்திருக்க வேண்டும்.

அங்கிருந்து சரயேவோவுக்கு ரயில். நாளுக்கு ஒரு சிலதான், நேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரம். நெரெட்வா ஆற்றை ஒட்டியே போய், பிறகு மலையில் வளைந்து வளைந்து ஏறி, கீழே நாம் வந்த தண்டவாளத்தையே பார்க்கும்படி போகிறது. அன்று ஜன்னலை விட்டு என்னை நகர்த்த மனைவியால் முடியவில்லை.

சரயேவோவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது. 1914இல் இளவரசர் ஃபெர்டினாண்ட் சுடப்பட்ட முனை, 1984இல் குளிர்கால ஒலிம்பிக், 1992 முதல் 1996 வரை முற்றுகை. இத்தனையும் டிராம் ஓடும் ஒரு ஆற்றங்கரைத் தெருவையும் சுற்றிய மலையையும் விட்டுத் தாண்டவில்லை. குண்டு விழுந்த பள்ளங்களில் சிவப்பு மெழுகு போன்ற ஒன்றை ஊற்றி நிரப்பி வைத்திருக்கிறார்கள், பூ மாதிரி இருக்கும். மூன்றாம் நாள்தான் அது என்ன என்று எங்களுக்குத் தெரிந்தது. முதலிரண்டு நாளும் அதன் மேல் மிதித்து நடந்திருக்கிறோம். ஓர் இரவு தங்கியிருந்தால் அந்த மூன்றாம் நாளே வந்திருக்காது.

சைவர்களுக்கு ஒரு குறிப்பு: போஸ்னியாவில் புரெக் என்றால் கறி வைத்தது மட்டும்தான். சீஸ் வைத்தது சிர்னிட்சா, கீரை வைத்தது ஸெல்யானிட்சா. பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் பட்டினி கிடையாது. ஐவார் என்று சுட்ட சிவப்பு மிளகாயில் ஒன்று அரைக்கிறார்கள், நம் துவையலுக்குச் சித்தப்பா முறை. காரம்தான் போதாது.

சரயேவோவில் ஒன்றைக் கவனியுங்கள். பெல்கிரேடு வண்டிகள் பல, நகர நடுவில் உள்ள நிலையத்திலிருந்து கிளம்புவதில்லை. கிழக்கு சரயேவோ என்ற தனி நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. போர் முடிந்து போட்ட கோடு அது. ஊரின் அந்த விளிம்பு செர்பியர் பகுதி. 103ஆம் எண் டிராலிபஸ்ஸில் டோப்ரின்யா வரை போய்ச் சிறிது நடக்க வேண்டும், பெட்டி இருந்தால் டாக்ஸிதான். அதேபோல பெல்கிரேடின் பேருந்து நிலையம் 2024 செப்டம்பரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ பெல்கிரேடுக்குப் போய்விட்டது. 2025 முதல் அந்த நகரத்துக்குள் பேருந்தும் டிராமும் எல்லோருக்கும் இலவசம். டிட்டோவும் நேருவும் நாசரும் 1961இல் அணிசேரா மாநாடு கூட்டிய ஊர் என்று நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். உங்கள் மகனுக்குத் தெரியாது, டிராமில் போகும்போது சொல்லிக் கொடுங்கள்.

கார் எங்கேயும் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாண்டினீக்ரோவில் டுர்மிட்டோர் மலையும் தாரா ஆற்றுப் பள்ளத்தாக்கும் பார்க்கப் பேருந்தை நம்பினால் பொழுது போய்விடும். ஒரே நாட்டுக்குள், ஒரே ஊரில் எடுத்து அங்கேயே விடுவதாக இரண்டு நாளைக்கு எடுங்கள், நியாயம். அந்தக் காரை வைத்துக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள்.

பெல்கிரேடிலிருந்து மாண்டினீக்ரோவின் பார் துறைமுகத்துக்கு 1976இல் திறந்த ரயில் பாதை ஒன்று உண்டு. 476 கிலோமீட்டர், 254 சுரங்கம். அதில் மாலா ரியேகா பாலம் ஆற்றிலிருந்து 198 மீட்டர் உயரம். பல ஆண்டுகள் உலகிலேயே உயரமான ரயில் பாலம் அதுதான். முதலில் ஸ்கோப்யே, அப்புறம் இந்த ரயில் என்று மூன்றாம் பயணம் ஒன்று எங்கள் கணக்கில் இருந்தது. மனைவியின் முழங்கால் இப்போது வீட்டு மாடிப்படிக்கே சம்மதிப்பதில்லை. விமான நிலையச் சக்கர நாற்காலி, அது இது என்று மகள் சொல்கிறாள். இவள் "பார்க்கலாம்" என்கிறாள். நான் "பார்க்கிறேன்" என்று சொல்லி உங்களிடம் தப்பிக்கவில்லையா, அதே தொனிதான்.

சார், உங்கள் வீட்டம்மாவைக் கேட்டீர்களா? ஏழு நாட்டில் அவர் எதைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று? தாளில் அந்த வரி இல்லை. கேட்டுவிட்டு நாளைக் காலை அதைக் கொண்டு வாருங்கள். பூங்கா வாசல் பெஞ்சில் உட்கார்ந்து திருத்துவோம். அழிரப்பர் நான் கொண்டு வருகிறேன்.